உறையூர் சிறுதானியக் கடை: பலகையை விடுங்கள், சுவரொட்டியை விடாதீர்கள்

திருச்சி உறையூரில் இந்தச் சிறுதானியச் சாப்பாட்டுக் கடை திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெயரை இங்கே போடவில்லை. கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன், அது ஒரு குடும்பம் சேர்ந்து நடத்தும் கடை. அந்தப் பக்கத்துக்காரர்களிடம் பச்சைப் பலகைக் கடை என்று கேட்டால் கைகாட்டுவார்கள்.

அந்தப் பலகை கல்லாவுக்கு மேலே, ஆளுயரத்துக்கு இருக்கிறது. இடப்பக்கம் நோய், வலப்பக்கம் பண்டம். ரத்தசோகைக்கு பீட்ரூட் மாதுளை ஜூஸ். எலும்புத் தேய்மானத்துக்குப் பாலக்கீரை சூப். பி12 குறைவுக்கு ஸ்பைருலினா (தண்ணீரில் வளரும் ஒரு பாசி) லட்டு. வைட்டமின் டி-க்குக் காளான் கட்லெட். கைகால் மரத்துப்போனால் கறிவேப்பிலைப் பொடி சாதம். கடைசி வரியில், சிவப்பு எழுத்தில், "எங்கள் சமையலில் இந்துப்பு மட்டுமே".

நான் ஓய்வு பெறும்வரை ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவள். ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, ஸ்லைடு தேய்த்து, எண்ணை எழுதிக் கொடுப்பது என் வேலை. டாக்டர் இல்லை. ஆனால் எந்த எண் எப்படிச் சாப்பிட்டால் ஏறும், எப்படிச் சாப்பிட்டும் ஏறாது என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்தாகிவிட்டது. அந்தக் கண்ணோடுதான் இந்தக் கடையில் சாப்பிட்டேன். சமையல் பிரமாதம். பலகையில் பாதி தப்பு. இந்தக் கடையில் உண்மையாகவே உடம்புக்கு ஆகிற பண்டங்கள் எல்லாம் பலகைக்கு வெளியேதான் இருக்கின்றன. எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் இது அருமையான கடை.

முதல் தடவை அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஹீமோகுளோபின் 9.4, ஃபெரிட்டின் 8. கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் சேமிப்பில் இருந்த இரும்பும் காலி. அவள் ஒன்றும் அபூர்வமான கேஸ் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பஸ்ஸில் பெண்கள் சீட்டில் பக்கத்தில் உட்காரும் இருவரில் ஒருத்தி.

உட்கார்ந்ததும் அவள் கேட்டது பீட்ரூட் மாதுளை ஜூஸ். தொண்ணூறு ரூபாய். "வேண்டாம்டி" என்றேன். "பலகையிலேயே போட்டிருக்கே அத்தை" என்றாள். வந்தது, குடித்தாள், ருசியாகத்தான் இருந்தது. இஞ்சி போட்டு, வடிகட்டி, சர்க்கரை இல்லாமல். ஆனால் 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட முழுதாக இல்லை, 0.8தான். மாதுளையில் அதிலும் குறைவு, 0.3. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று நம் ஊர் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020-இல் கணக்குச் சொல்லியிருக்கிறது. நிறம் சிவப்பு என்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை எங்கள் லேபுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இருந்தது. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன் என்கிற சாயம். இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஃபோலேட் என்கிற பி வைட்டமின் கொஞ்சம் இருக்கிறது, அதைக் கீரைப் பொரியலிலேயே வாங்கிக்கொள்ளலாம், இருபத்தைந்து ரூபாய்க்கு.

பேரீச்சை லட்டும் கருப்பட்டி உருண்டையும் கல்லா பக்கத்தில் கண்ணாடி டப்பாக்களில் இருக்கின்றன. அவற்றிலும் "இரும்பு" என்று ஸ்டிக்கர். இரும்பு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரும்பில் ஒரு நாள் தேவையை எட்ட வேண்டும் என்றால் எத்தனை உருண்டை போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குள் சர்க்கரை எகிறிவிடும்.

இப்போது நல்ல விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல், கிடைக்கும். பலகையில் இல்லை, மெனு அட்டையிலும் இல்லை. கடைக்காரருடைய மாமியார்தான் அடுப்படியைப் பார்க்கிறார், மணப்பாறைப் பக்கம். அவர் கைவேலை அது. அவருக்கு பி12-ம் தெரியாது, ஃபெரிட்டினும் தெரியாது. "வெளுத்துக்கெடக்குற புள்ளைக்கு வேற என்னத்தக் குடுக்குறது" என்று என் அண்ணன் மகளின் கண்ணைப் பார்த்தே சொல்லிவிட்டார். கீழிமையை இழுத்துப் பார்க்காமலேயே! எனக்கு ஒரு குழாய் ரத்தமும் ஒரு மெஷினும் தேவைப்பட்ட இடம் அது.

 ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், உள்ளங்கை நீளத்துக்குத் தட்டையாக, கருஞ்சிவப்பில் இருக்கும். எங்கள் வீட்டில் சின்ன வயதில் குச்சியில் குத்தி அடுப்புத் தணலில் வாட்டி, உப்பும் மிளகும் தடவிக் கொடுப்பார்கள். இவர் அப்படிச் செய்வதில்லை. மேலே இருக்கும் சவ்வை முழுசாக உரித்துவிட்டு, விரல் அகலத்துக்குத் துண்டு போட்டு, மஞ்சள் தண்ணீரில் ஒரு கொதி விட்டு எடுத்துவிடுகிறார். அப்புறம் இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய், சோம்பு, கைநிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் துண்டுகளைப் போட்டு, அம்மியில் ஒன்றிரண்டாக நுணுக்கிய மிளகு. ஈரலைவிட மெதுவாக இருக்கிறது, ரப்பர் மாதிரி இழுப்பதில்லை. ரத்த வாடை அறவே இல்லை. இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிகிறார். அந்த எலுமிச்சை சும்மா ருசிக்கு மட்டும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

100 கிராம் ஆட்டு மண்ணீரலில் 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு உண்டு. ஈரலில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். இன்னொன்றும் இருக்கிறது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு, நம் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேராமல் போய்விடும். ரத்தமும் மாமிசமும் சார்ந்த ஹீம் வகை இரும்பு அதைவிடப் பல மடங்கு நன்றாகச் சேரும். அது மட்டுமல்ல, தட்டில் கொஞ்சம் கறி இருந்தால் பக்கத்தில் இருக்கும் கீரையின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆகவே சுவரொட்டியோடு முருங்கைக்கீரைப் பொரியலையும் சேர்த்து வாங்குங்கள். சின்னத் தட்டு நூற்றிருபது ரூபாய். யூரிக் ஆசிட் ஏறியவர்களுக்கும் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது ஆகாது; மற்றவர்கள் வாரம் ஒரு தடவை தாராளமாகச் சாப்பிடலாம்.

ஈரல் வறுவலும் உண்டு, அதுவும் ஞாயிறு மட்டும். மருத்துவ உலகத்தில் ஈரலுக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. 1926-இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இருவர், அதுவரை ஆளைக் கொன்றுகொண்டிருந்த ஒரு வகை ரத்தசோகைக்குத் தினமும் ஈரல் கொடுத்தே பிழைக்க வைத்தார்கள். 1934-இல் விப்பிள் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளரோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு. ஈரலுக்குள் இருந்தது பி12 என்று தெரிய 1948 ஆகிவிட்டது. இங்கே ஈரல் கொஞ்சம் அதிகம் வெந்து கட்டையாகிவிடுகிறது, அதனால் எனக்குச் சுவரொட்டிதான். கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி எடுக்க வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கும்.

சைவக்காரர்கள் இதற்குள் எழுந்து போயிருப்பார்கள். போக வேண்டாம், கம்பங்கூழ் இருக்கிறது. காலையில் ஏழு மணிக்கே மண்சட்டியில் தயார். முதல் நாள் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் காய்ச்சி, குருணை தட்டுப்படுகிற பதத்தில் மோர் விட்டுக் கரைத்துத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், சின்ன வெங்காயம், சீசனில் மாங்காய்க் கீற்று. சொம்பு நாற்பது ரூபாய். கம்பில் 100 கிராமுக்கு ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு, துத்தநாகமும் உண்டு. தானியத்தில் இவற்றைப் பூட்டிவைத்திருப்பது ஃபைட்டேட் என்ற சமாச்சாரம். புளிக்க வைத்தாலும் முளைகட்ட வைத்தாலும் அந்தப் பூட்டு கொஞ்சம் தளரும். மாமியார் செய்வது அதைத்தான். அதே கடையில் மருமகன் விற்கும் "இன்ஸ்டன்ட் கம்பு மால்ட்" பாக்கெட்டில் புளிப்பு என்ற பேச்சே இல்லை. விலை மட்டும் மூன்று மடங்கு. பாக்கெட்டை வைத்துவிட்டுச் சொம்பை எடுங்கள்.

கூழோடு மாங்காய்க் கீற்றை விடாதீர்கள். சீசன் இல்லை என்றால் கடை வாசலில் கொய்யா வண்டி நிற்கும், அந்தம்மாவிடம் ஒன்று வாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. ஆரஞ்சு எல்லாம் இதன் கிட்டேகூட வராது. நெல்லிக்காய் இன்னும் மேலே. கீரையும் தானியமும் தரும் இரும்பைக் குடல் பிடித்துக்கொள்ள இந்தச் சி வேண்டும், அதுவும் அதே சாப்பாட்டோடு வேண்டும். காலையில் கொய்யா, மதியம் கீரை என்றால் பிரயோஜனம் கம்மி. சூடுபட்டால் சி போய்விடும் என்பதால்தான் அந்தப் பாட்டியம்மா எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழிகிறார். காரணம் கேட்டால் "கசந்துபோகும்" என்பார். சரி, ஏதோ ஒரு காரணம்.

முருங்கைக்கீரை சூப்பைப் பற்றி எல்லோரும் புகழ்கிறார்கள். ஐம்பது ரூபாய்க்கு ஒரு டம்ளர். கீரையைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, சக்கையை எறிந்துவிட்டு அந்தப் பச்சைத் தண்ணீரில் மிளகும் சீரகமும் போட்டுத் தருகிறார்கள். மழை நாளில் தொண்டைக்கு இதமாக இருக்கும். சத்து முக்கால்வாசி எறிந்த சக்கையோடு போயிற்று. முருங்கையிலையை முழுதாகத் தின்றால் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம், நாலரை மில்லிகிராம் இரும்பு, வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் ஏராளம். அந்தக் கரோட்டின் எண்ணெய் இல்லாமல் உடம்பில் ஏறாது. பொரியலில் தேங்காயும் எண்ணெயும் இருக்கிறது, சூப்பில் ஒரு சொட்டும் இல்லை.

எலும்புக்குப் பலகை சொல்வது பாலக்கீரை சூப். இதுதான் எனக்கு மிகவும் எரிச்சல். பாலக்கில் கால்சியம் உண்டு, கூடவே ஆக்ஸலேட்டும் உண்டு. அது கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால் உடம்புக்குச் சேருவது நூற்றில் ஐந்து பங்குதான். பாலில் என்றால் முப்பது பங்கு சேரும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அதே கடையில், அதே அடுப்பில், கேழ்வரகு முருங்கை அடை போடுகிறார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். தானியங்களில் அதற்கு ஜோடியே கிடையாது. இரண்டு அடையில் மாவும் இலையும் சேர்ந்து 400 மில்லிகிராமை ஒட்டி வரும் என்பது என் கணக்கு. ஒரு நாளைக்கு வேண்டியது ஆயிரம். தொட்டுக்கொள்ள எள்ளுப்பொடி கேளுங்கள், எள்ளிலும் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது. அடை ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, பச்சை மிளகாய்க்குப் பதில் காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டு இருக்கிறது. எழுபது ரூபாய். எலும்புக்காக வருகிறவர்கள் இதையும் ஒரு கிண்ணம் தயிரையும் வாங்கினால் போதும். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் சில நாள் இருக்கும்; முள்ளோடு மென்று தின்கிற மீன் என்பதால் அதுவும் கால்சியம்தான். உப்பு தூக்கல், பிரஷர்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் இலவசமாக ஒரு சின்ன டம்ளர் கருப்பட்டி ஃபில்டர் காபி வருகிறது. கடைக்காரருக்கு அதில் ரொம்பப் பெருமை. முன்பு மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தவர், நன்றாகப் பேசுவார்.

"காபியைச் சாப்பாட்டோட குடுக்காதீங்க தம்பி. நீங்க தட்டுல வச்ச இரும்பைத் தம்ளர்ல திரும்ப எடுத்துக்கிறீங்க" என்றேன்.

"கருப்பட்டில இரும்பு இருக்கேக்கா" என்றார்.

"காபியில அதைத் தடுக்குறது இருக்கே" என்றேன். 1983-இல் வந்த ஒரு ஆய்வில், ஹாம்பர்கர் சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தால் இரும்பு சேருவது 39 சதவீதம் குறைந்தது. டீ என்றால் 64 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் காபி அதே அளவு கெடுத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் ஒன்றும் செய்யவில்லை. இதைச் சொன்னதும் அவர் கல்லாவில் இருந்த பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். ஆனால் அடுத்த தடவை போனபோதும் காபி வந்தது. கூட்டம் அதற்குத்தான் வருகிறதாம். வியாபாரம் அப்படி.

ஸ்பைருலினா லட்டு பற்றி நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், பக்கத்து மேசைப் பெரியவரைப் பார்த்திருக்காவிட்டால். சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், சுத்த சைவம், பால்கூட நிறுத்திவிட்டார். பாதம் மரத்துப்போகிறது, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை என்றார். பலகையைப் பார்த்து அந்த லட்டையும் கறிவேப்பிலைச் சாதத்தையும் தவறாமல் வாங்குகிறார். செடியில் விளையும் எதிலும் பி12 கிடையாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12 போலவே இருக்கும் வேறொன்று. நம் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாது. மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுத்தால் பி12 குறையும் என்பதும் தெரிந்த விஷயம். பாதம் மரப்பது சர்க்கரையாலும் வரும், பி12 குறைவாலும் வரும். ரத்தம் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. பி12 குறைவு நாள்பட்டால் நரம்புச் சேதம் திரும்பாமலே போய்விடும் என்பதால் இதில் லட்டை நம்பி நாள் கடத்தக் கூடாது. "ஐயா, பி12 டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு டாக்டரைப் பாருங்க" என்றேன். அவருடைய வீட்டுக்காரம்மா போனிலேயே குறித்துக்கொண்டார்.

கடைக்காரரிடம் இதை மட்டும் கறாராகவே சொன்னேன். பீட்ரூட் ஜூஸ் குடித்தால் தொண்ணூறு ரூபாய்தான் நஷ்டம், இது அப்படி இல்லை. லட்டு வரியை எடுக்கச் சொன்னேன். "பார்க்கிறேங்க்கா" என்றார். நான் கடைசியாகப் போனபோது அந்த வரி மீது வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. லட்டு இன்னும் டப்பாவில் இருக்கிறது.

பி12 சாப்பாட்டில் வேண்டும் என்றால் இங்கே இருப்பது முட்டை, தயிர், ஈரல். ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர் என்றால் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் அது குறையாமல் வைத்துக்கொள்ளத்தான். ஏற்கெனவே தரைதட்டியவர்களுக்கு மாத்திரையோ ஊசியோதான் வழி. நாட்டுக்கோழி முட்டை இங்கே முப்பது ரூபாய், சாதா முட்டை பதினைந்து. சத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, பதினைந்தையே வாங்குங்கள். இவர்கள் மத்தி மீன் போடாதது பெரிய குறை. பி12, வைட்டமின் டி இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற மலிவான பண்டம் அது. உறையூர் மீன் மார்க்கெட் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாற்றம் வரும் என்று தயங்குகிறார்கள்.

வைட்டமின் டி-க்குக் காளான் கட்லெட் என்பது ஒரு ஓரத்தில் உண்மை. காளானுக்கு வெயில் பட்டால் அதில் டி ஊறும். ஆனால் கடையில் வாங்குவது இருட்டறையில் வளர்ந்த மொட்டுக் காளான். சமைக்கும் முன் மதிய வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்தால் பலன் உண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்றபடி டி-யைப் பொறுத்தவரை இந்தக் கடையைவிடக் கடைக்கு நடந்து வரும் வழி மேல், பதினோரு மணிக்கு மேல் குடை இல்லாமல் வந்தால்.

இந்துப்பு விஷயம். பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், கேட்டால் "கெமிக்கல் இல்லாத உப்பு" என்கிறார்கள். அந்தக் கெமிக்கல் அயோடின். அயோடின் சேர்த்த உப்பு நம் கைக்கு வரும்போது குறைந்தது 15 பி.பி.எம். (ஒரு கிராம் உப்புக்கு 15 மைக்ரோகிராம்) இருக்க வேண்டும் என்பது விதி. பத்து கிராம் உப்புக்கு 150 மைக்ரோகிராம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதும் அவ்வளவுதான். இந்துப்பில் அது கணக்கில் எடுக்கும்படி இல்லை. ஒரு வேளை இங்கே சாப்பிடுவதால் யாருக்கும் கழுத்தில் கழலை வந்துவிடாது. வீட்டிலும் இந்துப்புக்கு மாறிவிடுகிறவர்கள், அதிலும் கர்ப்பமாக இருப்பவர்கள், யோசிக்க வேண்டும்.

இன்னொரு சின்னச் சண்டை ரேஷன் அரிசியைப் பற்றி. கடைக்காரர் அதில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து வந்தது அரிசி மாவிலேயே இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துப் பிழிந்து எடுத்த செறிவூட்டிய மணி. நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், சிலது தண்ணீரில் மிதக்கும், அதனால்தான் இந்தப் புரளி. தமிழ்நாட்டில் 2020-இல் சோதனையாக முதலில் கொடுத்ததே நம் திருச்சி மாவட்டத்தில்தான். பொறுக்கி எறியாதீர்கள், களையும்போது நாலைந்து தண்ணீர் விட்டு அலசவும் வேண்டாம்.

அண்ணன் மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஹீமோகுளோபின் 9.4-ஐச் சாப்பாட்டை மட்டும் வைத்து ஏற்றுவது நடக்காத காரியம் என்பதை முதலிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அன்றாடச் சாப்பாட்டுத் தட்டில் அவ்வளவு வைக்க முடியாது. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார், குடற்புழுவுக்கும் கொடுத்தார், மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்று பார்த்து அதற்கும் வைத்தியம் செய்தார். மாத்திரையை நெல்லிக்காய்ச் சாறோடு போட்டாள், காபியை மாலைக்குத் தள்ளினாள், ஞாயிறு தவறாமல் சுவரொட்டி. சில மாதம் கழித்து 11.8 வந்தது. இதில் கடையின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் மெஷின் இல்லை. பெரும்பங்கு மாத்திரைதான் என்பேன். ஆனால் எண் ஏறிய பிறகு அதை இறங்காமல் பிடித்துவைப்பது சாப்பாடு. அந்த வேலைக்கு இந்தக் கடை உதவும்.

மற்ற விவரங்கள். காலை ஏழு முதல் மதியம் மூன்று வரை, மறுபடி நாலிலிருந்து எட்டு. செவ்வாய் விடுமுறை. இடம் சின்னது, மதியம் ஒரு மணிக்குப் போனால் நிற்க வேண்டி வரும். இலை வாழையிலைதான், தண்ணீர் பானையில். கை கழுவும் இடம் சுத்தம், கழிப்பறை சுமார். பைக் நிறுத்தலாம், கார் கொண்டுபோனால் பாடு. பரிமாறுகிற பையன்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள், ஆனால் பில்லில் ஜூஸைத் தானாகச் சேர்த்துவிடும் பழக்கம் உண்டு, பார்த்துக் கொடுங்கள். சுவரொட்டி ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். சனிக்கிழமையே போனில் சொன்னால் எடுத்துவைப்பார்கள். காபி குடிக்க ஆசை என்றால் நாலு மணிக்குப் போங்கள், அப்போது போடும் முதல் டிக்காஷன் நல்ல கெட்டி.